பாம்பு கடித்தால் விபத்து, உண்ணி கடித்தால் விதியா?

மரத்தடியில் வரும் நோய்க்கும் சாவுக்கும் கணக்குக் கேட்போம்!

சிறு, குறு விவசாயிகளே! மரமேறும் தோழர்களே! விறகு வெட்டவும் மட்டை பொறுக்கவும் போகிற தாய்மார்களே!

இந்தத் துண்டறிக்கை உர விலையைப் பற்றியதல்ல. கொள்முதல் விலையைப் பற்றியதும் அல்ல. அதற்கெல்லாம் தனியே போராடிக்கொண்டுதான் இருக்கிறோம். இது நம் உடம்பைப் பற்றியது. நம்ம ஊர் ஆட்களிடம் உடம்பைப் பற்றிப் பேசினால், "அது கிடக்குதுங்க, மழை எப்போ வரும்னு சொல்லுங்க" என்பார்கள். அப்படிக் கிடக்கட்டும் என்று விட்டு விட்டுத்தான் இன்றைக்கு ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறோம். பத்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு டீக்கடையில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்.

ஒரு கருப்புப் பொருக்கின் கதை

நம் கிளை உறுப்பினர் ஒருவர். ஒன்றரை ஏக்கர் நிலம், நாற்பது தென்னை. தன் வேலை முடிந்த நாளில் அடுத்தவர் தோப்பில் தேங்காய் பறிப்பார். புளி உலுக்குவார். கருவை வெட்டுவார். கார்த்திகை மழை விட்ட சமயம், தோப்போரமாக மண்டிக் கிடந்த சீமைக் கருவேலத்தை வெட்டிச் சுத்தம் செய்ய நாலு நாள் போனார். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, அங்கேயே புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார். அங்கேயே துண்டை விரித்துக் கொஞ்சம் கண் அயர்ந்தார். நாம் எல்லோரும் செய்வதுதான்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல். தலை வெடிக்கிற வலி. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். கேட்கவில்லை. பக்கத்துச் சின்ன ஊரில் ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒருவர் டைபாய்டு என்றார், இன்னொருவர் டெங்குவாக இருக்கலாம் என்றார். ஆறு நாள் ஓடிப் போயிற்று. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு வண்டி பிடித்து நகரத்துத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு இளம் டாக்டர் வேட்டியைத் தளர்த்திப் பார்த்தார். அரைஞாண் கயிற்றுக்கு அடியில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் அவரும் கவனிக்கவில்லை, வீட்டம்மாவும் கவனிக்கவில்லை. "இது உண்ணிக் காய்ச்சல்ங்க, நாலு நாள் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலேயே போயிருக்கும்" என்றார் டாக்டர். மூன்றாம் நாள் உடம்புதான் வீட்டுக்கு வந்தது. நகையும் போயிற்று, கறவை மாடும் போயிற்று.

கொடுமை அதோடு முடியவில்லை. உதவித்தொகைக்கு மனுப் போட அலுவலகத்துக்குப் போனோம். மனுவைப் புரட்டிப் பார்த்த அதிகாரி கேட்டார்: "மரத்திலிருந்து விழுந்தாரா? பாம்பு கடிச்சுதா? கரண்ட் அடிச்சுதா?" இல்லை, பூச்சி கடித்துக் காய்ச்சல் வந்தது என்றோம். "காய்ச்சல்னா இயற்கை மரணம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஐம்பது வயது நிரம்பாத மனுஷன். கையில் அரிவாளோடு வேலைக்குப் போனவன். வேலை செய்த இடத்தில் கடிபட்டுச் செத்தவன். அவன் சாவு இயற்கையாம்! இதைத்தான் இந்தத் துண்டறிக்கை கேள்வி கேட்கிறது.

இது என்ன உண்ணி?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மாட்டுக் காதில் நாம் பிடுங்கிப் போடுகிற உண்ணி வேறு. உண்ணிக் காய்ச்சல் என்று பத்திரிகையில் எழுதுகிற 'ஸ்க்ரப் டைபஸ்' நோயைப் பரப்புவது அதைவிட மிகச் சிறிய சிலந்திப்பேன் இனம். அதிலும் வளர்ந்த பூச்சி கடிப்பதில்லை, அதன் குஞ்சுதான் கடிக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எலி நடமாடும் புதர், புல், விறகுக் குவியல், மட்டைக் குவியல் ஆகியவற்றில் இருக்கும். மழைக்குப் பிறகு, குளிர் மாதங்களில் அதிகம். நம் பக்கத்தில் ஐப்பசி தொடங்கித் தை, மாசி வரை கவனம் வேண்டும்.

ஆபத்து மரத்தின் உச்சியில் இருக்கிறது என்று நினைக்கிறோம். இந்த ஆபத்து மரத்தின் காலடியில் இருக்கிறது. துணி இறுக்கிப் பிடிக்கிற இடம், மடிப்பு விழுகிற இடம் பார்த்துக் கடிக்கும். இடுப்பு, தொடையிடுக்கு, அக்குள், மார்புக்கு அடியில், காதுக்குப் பின்னால். கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். எல்லோருக்கும் பொருக்கு தெரியாது. தெரிந்தால் அதுவே சாட்சி.

இது புது நோயா? இல்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களைப் படுக்கையில் தள்ளிய நோய் இது. அப்போதே தங்கள் சிப்பாய்களின் சட்டையையும் காலுறையையும் பூச்சி மருந்தில் நனைத்துக் கொடுத்தார்கள். 1948இல் மலேயாவில் இதற்கு மருந்து பலிப்பதை நிரூபித்துக் காட்டிவிட்டார்கள். இன்றைக்குக் கொடுப்பது டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரை. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அஸித்ரோமைசின் கொடுப்பார்கள். ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ஒரு வார மாத்திரைக்கு ஆகும் செலவு நம் ஒரு நாள் கூலியில் கால் பங்குகூட வராது. ஆனால் சின்ன ஊர்களில் 'பவர் ஊசி' என்று போடுகிறார்களே, அந்த பென்சிலின் வகை ஊசிகள் இந்தக் கிருமியிடம் ஒன்றும் செய்யாது. காசும் போகும், நாளும் போகும்.

மருந்து வந்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்னும் நம்ம ஊரில் இதற்குப் பெயர் 'மர்மக் காய்ச்சல்'! மர்மம் என்ன இதில்? பெயர் தெரியும், பூச்சி தெரியும், மாத்திரை தெரியும். சட்டையைத் தூக்கிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான் மர்மம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் பிறரும் நம் மாநிலத்துக் கிராமங்களில் 2020 முதல் 2022 வரை முப்பதாயிரம் பேருக்கு மேல் கண்காணித்து ஆய்வு செய்தார்கள். காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக இந்த நோய் இருந்தது. 2025 தொடக்கத்தில் மாநிலப் பொது சுகாதாரத் துறையே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. எச்சரிக்கை யாருக்கு வந்தது? தொலைக்காட்சிக்கு வந்தது. நம் தோப்புக்கு வந்ததா?

தேங்காய்க்கு ஒரு நீதி, தேங்காய் பறிப்பவனுக்கு ஒரு நீதியா?

1998 வாக்கில் நம் தென்னையில் ஈரியோபைட் சிலந்தி வந்தது ஞாபகம் இருக்கிறதா? காயெல்லாம் சொரி பிடித்துச் சிறுத்துப் போயிற்று. அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். கூட்டம் போட்டார்கள். வேர் வழி மருந்து கட்டச் சொன்னார்கள். நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார்கள். செய்தது சரிதான், குறை சொல்லவில்லை. நாங்கள் கேட்பது இதுதான்: காயைக் கடிக்கிற சிலந்திக்கு அத்தனை ஏற்பாடு செய்த அரசு, ஆளைக் கடிக்கிற சிலந்திக்கு என்ன செய்தது?

தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. புயலில் மரம் போனாலும் பணம் உண்டு, பரவலாகப் பூச்சியும் நோயும் தாக்கி மரம் வீணாய்ப் போனாலும் பணம் உண்டு. மரமேறிகளுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா என்ற காப்பீடு இருக்கிறது. அது விபத்துக்கான காப்பீடு. ஆக, மரத்துக்கு நோய் வந்தால் காப்பீடு பேசும். மரமேறிக்கு நோய் வந்தால் வாயை மூடிக்கொள்ளும்.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா 2015இல் வந்தது. வங்கியில் நம்மில் பலருக்கு வருஷா வருஷம் பணம் பிடிக்கிறார்களே, அதுதான். பாம்பு கடித்துச் செத்தாலும், மரத்திலிருந்து விழுந்து செத்தாலும் மருத்துவமனைப் பதிவு இருந்தால் இரண்டு லட்சம் தருகிறார்கள். நல்லது. பாம்பு கடித்தால் விபத்து. ஏன்? எதிர்பாராமல் நடந்தது, வெளியிலிருந்து வந்தது. சிலந்திப்பேன் மட்டும் எதிர்பார்த்து, சொல்லிக்கொண்டா வந்து கடிக்கிறது? பாம்பு பெரியது, இது சிறியது. சாவு மட்டும் சிறியதா?

மாநில அரசின் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலும் இதே கதைதான். விபத்து மரணத்துக்கு ஒரு தொகை. இயற்கை மரணம் என்றால் அதில் சிறு பங்கு. நம் உறுப்பினர் குடும்பத்துக்குக் கிடைத்தது அந்தச் சிறு பங்குதான். ஒரே ஒரு வார்த்தை மாற்றி எழுதியதில் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிட்டது.

பூசணம் தின்கிற நுரையீரல்

அடுத்த எதிரி இன்னும் தந்திரக்காரன். கடிக்கவும் மாட்டான், பொருக்கும் விழாது. மூச்சோடு உள்ளே போவான்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நம் தோப்புகளைப் புரட்டிப் போட்டது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஆலங்குடி பக்கமெல்லாம் நாற்பது வருஷ மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் விலை போட்டது. மாதக்கணக்கில் வெட்டினோம். மழையில் ஊறி, உள்ளே வெந்து, பூசணம் பூத்த மரம். ரம்பம் வைத்தால் வெள்ளைப் புகை மாதிரித் தூள் கிளம்பும். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அறுத்தோம். அந்த 500 ரூபாய்க் கணக்கில் அறுத்தவனின் நுரையீரலுக்கு எத்தனை ரூபாய் சேர்த்தார்கள்? ஒரு ரூபாய் உண்டா?

புயல் போய்விட்டது, வேலை போகவில்லை. இன்றைக்கும் மட்டையையும் பன்னாடையையும் குவித்து வைக்கிறோம். மழையில் நனைந்து குவியல் சூடேறுகிறது. அதைக் கிளறினால் சாம்பல் நிறத்தில் தூள் பறக்கிறது. மட்டையைத் தூளாக்கும் இயந்திரத்துக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் கொடுக்கிறது. இயந்திரத்துக்கு மானியம் உண்டு, அதன் வாயில் மட்டையைத் திணிக்கிறவன் மூக்குக்கு ஒரு முகக்கவசம் கிடையாது!

அந்தத் தூளில் இருப்பது பூசணத்தின் வித்து. சூடேறிய குவியலில் வளரும் ஒருவகைக் கிருமியின் வித்தும் அதில் கலந்திருக்கும். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். துண்டின் நெசவில் சாவகாசமாக நுழைந்து நுரையீரலின் அடிவரை போகும். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேலை செய்த நாலிலிருந்து எட்டு மணி நேரத்தில் குளிர் காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல், மூச்சுத் திணறல். அடுத்த நாள் வேலைக்குப் போகாவிட்டால் தானாக இறங்கும். "வெயில் ஒத்துக்கலை", "மழைத் தண்ணி பிடிச்சுக்கிச்சு" என்று நாமே பெயர் வைத்துக்கொள்கிறோம். திரும்பப் போகிறோம், திரும்ப வருகிறது. வருஷக்கணக்கில் இப்படியே போனால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். அப்புறம் மாடிப்படி வேண்டாம், வரப்பில் நடந்தாலே இளைக்கும். அந்தத் தழும்பை மாற்ற மருந்து கிடையாது. நம்ம ஊரில் "பீடி குடிச்ச நெஞ்சு" என்று முத்திரை குத்தப்பட்ட எத்தனை பேர் பீடியையே தொடாதவர்கள்? யோசித்துப் பாருங்கள்.

இதையும் நாங்கள் கற்பனை செய்து சொல்லவில்லை. 1932இலேயே அமெரிக்காவின் மிச்சிகனில் மேப்பிள் மரப் பட்டை உரித்த தொழிலாளர்களுக்குப் பட்டைக்கு அடியில் இருந்த பூசணத்தால் இந்த நோய் வந்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். பூசணம் பிடித்த வைக்கோலால் வருவதற்கு 'விவசாயி நுரையீரல்' என்றே உலகம் முழுக்கப் பெயர். நம் பெயரிலேயே ஒரு நோய் இருக்கிறது, நமக்குத்தான் தெரியாது! பிரிட்டனில் 1960களிலேயே அதைத் தொழில் நோய் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கண்ணில் விழுந்த துரும்பு

பூசணம் நுழைய இன்னொரு வாசல் கண். மட்டை வெட்டும்போது தூசு விழும். கருவை முள் கீறும். மேலிருந்து விழும் இலை கண்ணில் அடிக்கும். சின்னக் கீறல்தான். ஆனால் அந்த இலையிலும் முள்ளிலும் பூசணம் ஒட்டியிருக்கும். கருவிழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் புண்ணாகும், வெள்ளை படரும், பார்வை போகும். 1994இல் மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைச் சோதித்து ஓர் ஆய்வு செய்தார்கள். மூன்றில் இரண்டு பேர் அளவுக்குக் கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது பூசணம்.

நம் சங்கத்துத் தாய் ஒருவருக்கு இப்படித்தான் பன்னாடைத் தூசு விழுந்தது. முதலில் விளக்கெண்ணெய் விட்டார்கள். பிறகு மருந்துக் கடையில் கண் சிவப்புக்குச் சொட்டு மருந்து கேட்டார்கள். கொடுத்தது ஸ்டீராய்டு கலந்த சொட்டு. சிவப்பு குறைந்தது, வலி குறைந்தது. உள்ளே பூசணம் கொழுத்தது. ஸ்டீராய்டு சொட்டு பூசணப் புண்ணுக்கு எண்ணெய் ஊற்றிய நெருப்பு. இன்றைக்கு அந்தத் தாய்க்கு ஒரு கண்தான். நேட்டாமைசின் என்ற சொட்டு மருந்தை ஆரம்பத்திலேயே முறையாகப் போட்டிருந்தால் அந்தக் கண்ணைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்தது.

குரங்கு செத்தால் கவனி!

மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நிஜமான உண்ணியே நோய் பரப்புகிறது. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் முதலில் தெரிந்த 'குரங்குக் காய்ச்சல்', பின்னாளில் பந்திப்பூர், வயநாடு, நீலகிரி பக்கம் வரை எட்டிப் பார்த்தது. காட்டில் குரங்குகள் செத்து விழுவதுதான் முதல் எச்சரிக்கை. மார்கழியிலிருந்து வைகாசி வரை அதிகம். இதற்குத் தனி மருந்து கிடையாது. பழைய தடுப்பூசியும் பலன் போதாது என்று 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் கர்நாடக அரசு காட்டோரக் கிராமங்களுக்கு உடம்பில் தடவிக்கொள்ள உண்ணி விரட்டி எண்ணெயை இலவசமாகக் கொடுக்கிறது. பக்கத்து மாநிலத்தில் முடிகிற காரியம் இங்கே முடியாதா?

'எல்லாருக்கும் வர்ற காய்ச்சல்தானே' என்பவர்களுக்கு

அதிகாரிகள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. "இது எல்லோருக்கும் வரக்கூடியது, தொழிலால் வந்தது என்று எப்படிச் சொல்வது?" என்பார்கள்.

சாலையில் நடக்கிற எவருக்கும் பாம்பு கடிக்கலாம். அதற்காக வயலில் கடித்ததை விபத்து இல்லை என்கிறீர்களா? புதரில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவனுக்கும், நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவருக்கும் ஒரே ஆபத்தா?

சட்டமே நம் பக்கம் ஒரு காலை வைத்திருக்கிறது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில் நோய்களின் அட்டவணை ஒன்று இருந்தது. தொற்று அபாயம் குறிப்பாக உள்ள வேலையில் வரும் தொற்று நோய்கள், தாவரத் தூசை மூச்சில் இழுப்பதால் வரும் ஒவ்வாமை நுரையீரல் நோய், கரும்புச் சக்கைத் தூசு நோய் எல்லாம் அதில் இருந்தன. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்கும் அந்த அட்டவணை வந்தது. பிறகு ஏன் நமக்குக் கிடைக்கவில்லை? அந்தச் சட்டம் முதலாளி வைத்திருக்கிற தொழிலாளிக்கு. நமக்கு முதலாளி யார்? இன்றைக்குச் சொந்தத் தோப்பு, நாளைக்கு மாமன் தோப்பு, மறுநாள் ஏலம் எடுத்த புளியமரம். உழைக்கிறவனும் நாமே, முதலாளியும் நாமே என்று ஏட்டில் எழுதி நம்மை வெளியே தள்ளிவிட்டார்கள். முதலாளி இல்லாதவனுக்கு அரசுதான் பொறுப்பு. உழவர் பாதுகாப்புத் திட்டம் என்று பெயர் வைத்தது எதற்காக?

நம்ம பக்கத் தப்பையும் பேசுவோம்

அரசைக் கேட்கிற வாயால் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகாமல் ஊசிக்கு ஓடுவது யார்? கண்ணில் தாய்ப்பாலும் இலைச் சாறும் விடுவது யார்? "மாஸ்க் போட்டா ஆம்பளையா" என்று சின்னப் பையன்களைக் கிண்டல் செய்வது யார்? நாம்தான். ஆகவே தோழர்களே, கோரிக்கை ஜெயிக்கும் வரை சும்மா இருக்காமல் இன்றைக்கே இதைச் செய்யுங்கள்.

புதர், புல் வேலைக்கு முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் போடுங்கள். காலடித் துணியைக் காலுறைக்குள் செருகுங்கள். புல்லில் வெறும் உடம்போடு உட்காராதீர்கள், படுக்காதீர்கள். தார்ப்பாய் விரியுங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். கழற்றிய துணியை மறுநாளும் மாட்டாமல் வெந்நீரில் துவையுங்கள்.

காய்ச்சல் வந்தால் அரைஞாண் கயிற்றைத் தூக்கிப் பாருங்கள். அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால் பாருங்கள். வெட்கப்படாதீர்கள். பொருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "டாக்டர், நான் புதர் வேலை செய்யிற ஆளு, உண்ணிக் காய்ச்சலான்னு பாருங்க." இந்த ஒரு வார்த்தை ஓர் உயிர். மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், டாக்டர் சொல்லி முழு நாளும் போடுங்கள்.

பூசணம் பிடித்த குவியலைக் கிளறும் முன் தண்ணீர் தெளியுங்கள். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். கொரோனா காலத்தில் பார்த்தோமே, அந்த என்-95 முகக்கவசம்தான் இந்தத் தூளைத் தடுக்கும், துண்டு தடுக்காது. மாலையானால் காய்ச்சலும் இளைப்பும் மாறி மாறி வந்தால் என்ன வேலை செய்தோம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்டும்போது கண்ணாடி போடுங்கள். கண்ணில் தூசு விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். மறுநாளும் உறுத்தினால் கண் டாக்டரிடம் போங்கள். கடைச் சொட்டு வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் சொல்வது சுலபம் என்று எங்களுக்கும் தெரியும். சித்திரை வெயிலில் முகக்கவசம் போட்டு மரம் ஏறிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அதனால்தான் "ஜாக்கிரதையாக இருங்கள்" என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுக் கையைக் கழுவ அரசை விடக்கூடாது என்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்

1. வேலையிடத்தில் பூச்சி, உண்ணி கடித்து வரும் காய்ச்சலால் ஏற்படும் மரணத்தைப் பாம்புக்கடி மரணம் போலவே விபத்து மரணமாக ஏற்று, உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் முழு உதவித்தொகை கொடு! மருத்துவமனைப் பதிவையே சான்றாக ஏற்றுக்கொள்!

2. எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஐப்பசி முதல் மாசி வரை உண்ணிக் காய்ச்சல் பரிசோதனைக்கு ரத்த மாதிரி எடு! முடிவு வரும் வரை காத்திருக்காமல், சந்தேகம் இருந்தாலே மாத்திரையைத் தொடங்க டாக்டர்களுக்கு உத்தரவிடு! மாத்திரை இருப்பு எத்தனை என்று பலகையில் எழுதி வை!

3. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் வீட்டுக்கு வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். வரவேற்கிறோம். அதே ஊழியர்கள் காய்ச்சல்காரரின் உடம்பில் பொருக்கு இருக்கிறதா என்றும், மர வேலை செய்பவருக்கு இளைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க ஏற்பாடு செய்!

4. மட்டை தூளாக்கும் இயந்திரத்துக்கு மானியம் தரும்போதே முகக்கவசம், கண்ணாடி, கையுறை அடங்கிய பெட்டியையும் சேர்த்துக் கொடு! புயல் நிவாரணத்தில் மரம் அகற்றும் தொகையோடு இதையும் சேர்!

5. டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கண் சொட்டு விற்பதைத் தடு! பூசணத்துக்கான கண் மருந்தை வட்ட அரசு மருத்துவமனைகளில் இருப்பு வை!

6. சொந்த நிலத்தில் உழைக்கும் சிறு விவசாயிக்கும் தொழில் நோய்ப் பட்டியலின் பாதுகாப்பைக் கொடு!

இதில் எதுவும் கோடிக்கணக்கில் செலவு பிடிக்கிற காரியமில்லை. மாத்திரை ஏற்கனவே இருக்கிறது. ஊழியர்கள் இருக்கிறார்கள். திட்டம் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். இந்த ஜனங்களின் காய்ச்சலும் ஒரு கணக்கு என்ற நினைப்பு.

தோழர்களே!

கணக்கில் வராத சாவுக்கு நியாயம் கிடைக்காது. ஆகவே முதல் வேலையாக நாமே கணக்கு எடுப்போம். உங்கள் ஊரில் காய்ச்சலில் இறந்தவர் என்ன வேலை செய்தார், எத்தனை நாள் காய்ச்சல், எங்கெல்லாம் போனார், எவ்வளவு செலவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கண் போனவர், நெஞ்சு இறுகியவர் பெயரையும் எழுதுங்கள். கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அந்த நோட்டுகளை எல்லாம் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, மழை பிடிக்கும் முன்பாக மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவோம். நாளையும் நேரத்தையும் கிளைக் கூட்டங்களில் அறிவிப்போம். இந்த முறை பெண்கள் முன் வரிசையில் நிற்க வேண்டும். மட்டை பொறுக்குவதும் விறகு சுமப்பதும் பெரும்பாலும் அவர்கள்தானே!

நம் உறுப்பினர் வீட்டில் அவர் மகன் இப்போது மரமேறப் போகிறான். அதே தோப்பு, அதே புதர், அதே கார்த்திகை மழை. அப்பனுக்குக் கிடைக்காத மாத்திரை மகனுக்குக் கிடைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் போராட்டம்.

பாம்புக்கு ஒரு சட்டம், பூச்சிக்கு ஒரு சட்டம் வேண்டாம்!
மரத்துக்குக் காப்பீடு தருகிற அரசே, மரமேறிக்கும் கொடு!
மர்மக் காய்ச்சல் என்று மூடி மறைக்காதே!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், ஒன்றியக் குழு.

(படித்துவிட்டுக் கீழே போடாதீர்கள். அடுத்தவரிடம் கொடுங்கள்.)